ஒன்றரைச் சாக்குக்கு ஒரு டின்

பெர்வோலா, கிரீட்
2 ஜூலை 1989

அன்புத் தங்கச்சி எர்கினிக்கு,

அக்கா கரிஃபலியா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அவருக்கு இடுப்பு வலிதான் விட்டபாடில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? ஃபாக்டரியில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள். மாப்பிள்ளை அனெஸ்திஸ் சுகம்தானே?

குழாய் போட்டாயிற்று. நீங்கள் அனுப்பியதிலும் நாங்கள் போட்டதிலும் ஒரு காசு வீண் போகவில்லை, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீருக்குத் தோண்டிய ஆழ்துளைப் போர் உன் பக்கத்து நிலத்தில்தான் விழுந்தது. என் பக்கம் எங்கே தோண்டினாலும் பாறை. அப்பா தோட்டத்தை நடுவில் பிரித்தபோது உனக்கு அறுபது ஆலிவ் மரம், எனக்கு அறுபது மரம் என்று பார்த்தோமே தவிர, தண்ணீர் யார் பக்கம் என்று யார் பார்த்தார்கள்? ஆகமொத்தம் தண்ணீர் உன்னுடையது, மோட்டார் போடுவது நாங்கள்.

கறுப்புக் குழாய் மரத்துக்கு மரம் போகிறது. ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்குகிறது. உன் அத்தான் காலையும் மாலையும் போய், பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வருகிறார். ஊருக்கு ஒரே சிரிப்பு. எண்ணெய் ஆலை வைத்திருக்கிற கனாகிஸ் நடுத்தெருவில் நிறுத்தி, "மரத்துக்குப் பால்புட்டி குடுக்கிறியாமே கரிஃபலியா? தாலாட்டும் உண்டா?" என்று கேட்டார். சிரிக்கட்டும். குழாய் விற்றவன் அளவில் குறைத்திருப்பான் என்று எனக்குச் சந்தேகம். முழுவதையும் தெருவில் நீட்டிப் போட்டு அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. எப்படிச் சரியாக இருந்தது என்றுதான் இன்னும் புரியவில்லை.

இது மரம் ஓய்வெடுக்கிற வருஷம். போன வருஷம் நிறையக் காய்த்ததால் இந்த வருஷம் வழக்கப்படி கிளை வெறுமனே நிற்கவேண்டும். ஆனால் பூ பிடித்துப் பிஞ்சு நிற்கிறது எர்கினி. மதிலுக்கு மேலே மேட்டில், மாதா கோவில் விளக்குக்கென்று அப்பா நேர்ந்துவிட்ட எட்டு மரத்துக்குக் குழாய் ஏறவில்லை. அவை பழையபடி மழையை நம்பிப் பட்டினி கிடக்கின்றன.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
கரிஃபலியா


ஸ்டுட்கார்ட்
30 ஜூலை 1989

அன்புள்ள அக்காவுக்கு,

எர்கினி எழுதுவது. இங்கே இருவரும் நலம். கால் வீக்கம் பரவாயில்லை. அத்தான் இடுப்புக்கு ஒரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

பிஞ்சு நிற்கிறது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒன்று மட்டும் சொல்லவேண்டும், கோபப்படாதே. இவருடைய நண்பர் ஒருவர் இங்கே சாப்பாட்டுக் கடை வைக்கிறார், கூட்டுக்கு இவரைக் கூப்பிடுகிறார். அதற்கு முதல் வேண்டும். இந்த அறுவடையைப் பார்ப்போம், தேறாவிட்டால் கிரீட் நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு மனசே இல்லை. ஆனால் இவர் தெசலோனிகி நகரத்துக்காரர், மரத்தைப் பற்றி இவரிடம் என்ன பேசுவது? எவ்வளவு எண்ணெய் என்று ஒரு கணக்கு இருந்தால்தான் பேசமுடியும்.

என் பாதி போனால் போரும் போகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம்.

எர்கினி


பெர்வோலா
8 அக்டோபர் 1989

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பெல்லாம் நலமா? நாங்கள் நலம். ஆகஸ்ட் மாதா திருநாள் நோன்பு முழுவதும் உன் பெயரையும் சொல்லித்தான் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மாப்பிள்ளையிடம் தைரியமாகச் சொல். கிளைகள் தரையைத் தொடுகின்றன. உன் அத்தான் கவட்டைக் கம்பு வெட்டி முட்டுக்கொடுத்திருக்கிறார். உன் பக்கத்தில் மட்டும் முப்பத்தாறு சாக்குக்குக் குறையாது. ஆலைப் பங்கு போக ஒன்றரைச் சாக்குக்கு ஒரு டின். இது அப்பா காலத்திலிருந்து மாறாத அளவு. இருபத்துநாலு டின் உனக்கு. நிறையக் காய்த்த வருஷத்திலேயே பதினாலுக்கு மேல் நீ பார்த்ததில்லை.

மழை இன்னும் வரவில்லை. மோட்டாரை நிறுத்தவே இல்லை. காய் இறக்க மரத்தடியில் வலை விரிக்கிற நாள் வரைக்கும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன். காய் ஒவ்வொன்றும் கட்டைவிரல் மாதிரி உருண்டு நிற்கிறது. பார்க்கிறவர்கள் கண்ணே பட்டுவிடும். பாதிரியாரை வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன்.

இருபத்துநாலு. அப்படியே மாப்பிள்ளையிடம் சொல்.

அக்கா


பெர்வோலா
10 டிசம்பர் 1989

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

உன் பக்கம் முழுவதும் அடித்து இறக்கியாயிற்று. நான் சொன்னபடியே முப்பத்தாறு சாக்கு. வந்த எண்ணெய் பதினேழு டின். நீ தப்பாகப் படிக்கவில்லை. பதினேழுதான்.

முதல் சாக்கிலிருந்து கடைசிச் சாக்கு வரை வாயைத் தைத்து, நூலில் முடிச்சுப் போட்டது நான். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது ஆலையில். கனாகிஸ் ஒரு பங்கை எண்ணெயாக எடுத்துக்கொள்வது உனக்குத் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு எடுத்தார் என்பதுதான் தெரியவில்லை. நான் வலை மடித்துக்கொண்டு தோட்டத்தில் இருந்தேன். ஆலையில் காவலுக்கு நின்றது உன் அத்தான். என்ன காவல்? அடுப்பில் ரொட்டி சுட்டு, புது எண்ணெயில் தோய்த்து, கனாகிஸ் ஊற்றிக்கொடுத்த ராக்கிச் சாராயத்தைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்டால், "எண்ணெய் குழாயில வந்துச்சு, டின்ல விழுந்துச்சு. நடுவுல அவன் எங்க கை வெக்கிறது?" என்கிறார். ராக்கி உள்ளே போனவருக்கு நடுவில் இருப்பது எப்படித் தெரியும்?

உனக்கு வீட்டுச் செலவுக்கு மூன்று டின் லாரியில் அனுப்பியிருக்கிறேன். மீதி உன் பெயரில் கூட்டுறவுச் சங்கத்தில் ஏறிவிட்டது. மூன்றையும் சாக்குத்துணியில் வைத்துத் தைத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். என் முடிச்சு உனக்குத் தெரியும், இரட்டைக் கண்ணி. அது குலைந்திருந்தால் லாரி டிரைவரைச் சும்மா விடாதே.

என் பக்கத்துச் சாக்குகளைக் கனாகிஸிடம் கொண்டுபோகப் போவதில்லை. இதை யாரிடமும் சொல்லாதே.

அக்கா


ஸ்டுட்கார்ட்
28 டிசம்பர் 1989

அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நலம். இங்கே பனி.

டின்கள் வந்து சேர்ந்தன. முடிச்சு அப்படியேதான் இருந்தது.

இருபத்துநாலு பதினேழானது எப்படி என்று இவர் கேட்கிறார். காய் குறைந்திருந்தால் சரி, காய்தான் சொன்னபடி வந்ததே, பிறகு எண்ணெய் எங்கே போனது என்கிறார். நான் கேட்கவில்லை, இவர் கேட்கிறார். ஆலைக்கு யார் யார் போனார்கள், டின்களை யார் வீட்டில் வைத்திருந்தீர்கள், கூட்டுறவுக்கு யார் கொண்டுபோனது என்று கொஞ்சம் விவரமாக எழுது. உனக்குத்தான் எல்லாம் எழுதி வைக்கிற பழக்கமாயிற்றே.

அத்தானுக்கு வணக்கம்.

எர்கினி


பெர்வோலா
14 ஜனவரி 1990

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததே, உடம்புக்கு ஒன்றுமில்லையே? நீ கேட்ட விவரத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். டின்கள் நம் அப்பா வீட்டு நிலவறையில்தான் இருந்தன, சாவி என் இடுப்பில்.

என் சாக்குகளை மலைக்கு அந்தப் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை உன் அத்தானை வீட்டில் விட்டுவிட்டேன். எண்ணெய் விழுகிற குழாய்க்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்கவில்லை. ஜெபமாலையைக்கூடப் பார்க்காமலே உருட்டினேன். ஆலைக்காரன், "அம்மா, எண்ணெய்க்குக் கண்ணு பட்டுடப் போகுது" என்று கேலி செய்தான். கடைசியில் பார்த்தால் அங்கேயும் இரண்டு சாக்குக்கு ஒரு டின் தேறவில்லை!

உனக்கு என்ன தோன்றுகிறது? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அந்த ஆலையில் வேலை பார்ப்பவன் கனாகிஸ் மனைவிக்குத் தூரத்து உறவு. இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

ஞானஸ்நானத் திருநாளன்று பாதிரியார் ஊரெல்லாம் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். நம் போருக்கும் தெளித்தார். ஊரே கூட நின்றது, கனாகிஸும் நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சாமி, அந்த ஆலைக்கும் நாலு சொட்டு தெளிங்க. அங்கதான் தேவை ஜாஸ்தி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கனாகிஸ் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஊரில் பாதிப்பேர் சாக்கை வேறு ஆலைக்கு ஏற்றுகிறார்கள். குற்றமில்லாதவனென்றால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டானா?

அடுத்த ஞாயிறு நற்கருணைக்குப் போய் நின்றேன். பாதிரியார் மெதுவாக, முதலில் கனாகிஸோடு சமாதானமாகிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். என்னை, எர்கினி. பாதிரியார் வீட்டு எண்ணெயும் அந்த ஆலையில்தான் ஆட்டுகிறார்கள், அதையும் யோசித்துக்கொண்டேன்.

இன்னொன்று. பத்திரம் எழுதுகிறவர் மனைவி கிணற்றடியில் சொன்னாள், நம் தோட்டத்தில் போர் இருக்கிற பாதி என்ன விலை போகும் என்று யாரோ ஜெர்மனியிலிருந்து விசாரித்தார்களாம். இது நிஜமா? இதற்கு மட்டுமாவது உடனே எழுது.

அக்கா


பெர்வோலா
18 பிப்ரவரி 1990

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரன் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறான். அவன் கடிதங்களை வைத்துக்கொள்கிறானோ என்றுகூட நினைத்தேன். இனி அப்படி நினைக்கப் போவதில்லை. ஏனென்று சொல்கிறேன்.

மாதா கோவில் மரம் எட்டிலும் காய் இறக்கினோம். எட்டுக்கும் சேர்த்து ஒன்றரைச் சாக்குதான், ஓய்வு வருஷம் அல்லவா. அதைக் கனாகிஸ் ஆலைக்கு நானே கொண்டுபோக வேண்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். போனேன். கனாகிஸ் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார், ஆட்டினார், ஒரு டின் ததும்பத் ததும்பக் கொடுத்தார். அப்பா காலத்து அளவு, அப்படியே! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதாவிடம் திருடப் பயம், எங்களிடம் பயமில்லை என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று, தவக்காலம் வருகிறதே என்று உப்புக்காய் ஜாடிகளைத் திறந்தேன். டிசம்பரில் தண்ணீர் சேர்க்காமல் உப்பு மட்டும் தூவி, கழுத்து வரை நிரப்பி இரண்டு ஜாடி போட்டிருந்தேன். ஒன்று நம் தோட்டத்துக் காய், ஒன்று கோவில் மரத்துக் காய். ஒரே நாள், ஒரே உப்பு, ஒரே கை. கோவில் காய் ஜாடி கழுத்து வரை நிற்கிறது. நம் காய் ஜாடியில் பாதிக்குக் கீழே சுருங்கிய தோல், மேலே பாதி ஜாடி கறுப்புத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தான் வந்து, "என்ன, அழுறியா?" என்றார். "தண்ணிய யாரும் திருடல, இதோ இருக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கிண்ணத்தைக் காட்டியதும் புரிந்தது. காய் கொழுக்கவேண்டும் என்று வலை விரிக்கிற நாள் வரை மோட்டார் ஓட்டினேனே, நான் நிரப்பியது எண்ணெயை இல்லை எர்கினி. தண்ணீரைச் சாக்கில் கட்டி ஆலைக்கு அனுப்பியிருக்கிறேன். ஆலை தண்ணீரைத் தண்ணீராகத்தான் திருப்பித் தந்தது.

சாக்கை வைத்தே கணக்குப் போட்டது என் தப்பு. அப்பா அப்படித்தான் போட்டார், ஊரே அப்படித்தான் போடுகிறது. மரத்தை வைத்துப் போட்டுப் பார். தண்ணீர் காணாத கோவில் மரம் எட்டுக்கு ஒரு டின். அந்த வழியில் உன் அறுபது மரம் ஏழு, மிஞ்சினால் எட்டு டின் தந்திருக்கும். தந்தது பதினேழு. ஓய்வு வருஷத்தில் பதினேழு! ஒரு சொட்டும் குறையவில்லை. நான் எழுதிய இருபத்துநாலுதான் பொய். போர் நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. இதை மாப்பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல். விற்க வேண்டாம் என்று சொல்.

கனாகிஸுக்குத்தான் நான் அநியாயம் செய்துவிட்டேன். வரும் ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. வரிசையில் நின்று ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். மற்ற வருஷம் வாய் சொல்லும், மனம் பாலாடைக்கட்டிப் பணியாரம் சுடப் போயிருக்கும். இந்த வருஷம் எப்படிப் போய் நிற்பேன்?

அக்கா


ஸ்டுட்கார்ட்
19 பிப்ரவரி 1990

அக்காவுக்கு,

உன் ஜனவரிக் கடிதம் வந்தது. எனக்கு ஜுரம், பிறகு ஃபாக்டரியில் கூடுதல் நேர வேலை. அதனால்தான் எழுதவில்லை. இப்போது நலம்.

விலை விசாரித்தது இவர்தான். ஆனால் அதை இப்போது நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்காதே, நிறுத்திவிட்டார் என்பது போதும்.

தனித் தாளில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்ன விவரத்தை அனுப்ப வேண்டாம்.

அங்கே எல்லோரும் சுகமா? கனாகிஸ் எப்படி இருக்கிறார்?

எர்கினி


பெர்வோலா
26 பிப்ரவரி 1990

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது சனிக்கிழமை கைக்கு வந்தது. ஊரைவிட்டுப் போய்ப் பதினெட்டு வருஷத்தில் நீ கனாகிஸ் சுகத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மறுபடி மறுபடி அந்த ஒரு வரியைத்தான் படித்தேன். பதில் நேற்றுக் கோவிலில் கிடைத்தது.

வரிசையில் என் முறை வந்தபோது எதிரே கனாகிஸ். குனிந்தேன், நிமிரவே பயமாக இருந்தது. தீர்த்தத்தன்று பேசியது, ஊரைத் திருப்பிவிட்டது, ஜாடியில் கண்டது எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். பின்னால் வரிசை நின்றுவிட்டது.

கனாகிஸ் முதலில், "ஆண்டவர் மன்னிப்பார்" என்று முறைப்படி சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னது இது: "நானும் நல்லா தூங்கல கரிஃபலியா. மிஷினைத்தான் சந்தேகப்பட்டேன், மூணு தடவை பிரிச்சுக் கழுவினேன். உன் தங்கச்சி வீட்டுக்காரன் ஜனவரில ஆலைக்குப் போன் பண்ணினான். 'பொம்பள எவ்வளவு எடுத்து வச்சிருக்கா, உண்மையைச் சொல்லு'ன்னான். நான் சொன்னேன், 'அந்தம்மா என்னைத் திருடன்னு ஊர் நடுவுல சொல்லிச்சு, எனக்கு அதுமேல கோபம்தான். ஆனா அது கூடப்பிறந்தவ எண்ணெயில ஒரு சொட்டு எடுத்திருக்கும்னு சொன்னா என் ஆலையை நானே கொளுத்துவேன்.' அவ்வளவுதான். வச்சுட்டான்."

எர்கினி, நான் அந்த மனிதனைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில், நான் திருடியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ எழுதுகிறதை எழுது, எழுதாததை விட்டுவிடு.

இனி தோட்டத்து விஷயம். அடுத்த பருவத்துக்கு நானும் உன் அத்தானும் கனாகிஸும் உட்கார்ந்து பேசினோம். கோடையில் பிஞ்சு வாடாமல் தண்ணீர் விடுவது. காய் நிறம் மாறத் தொடங்கியதும் பாதி வரிசைக்கு மூடிவிடுவது, பாதிக்கு விடுவது. தனித்தனியாக ஆட்டிப் பார்ப்பது. மரத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கணக்கு. ஆட்டுகிற அன்றைக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்து குழாய்க்கு முன்னால் உட்காருங்கள். முக்காலி தருகிறேன்.

நற்கருணை வாங்கினேன்.

அக்கா


ஸ்டுட்கார்ட்
11 மார்ச் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ஜாடிக் கடிதத்தை இவருக்கு நான் படித்துக் காட்டினேன். மறுநாள் அந்த நண்பரிடம் கடைக்குக் கூட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார்.

முடிச்சு அப்படியே இருந்தது என்று டிசம்பரில் எழுதினேன். நிஜம்தான், வந்தபோது அப்படியேதான் இருந்தது. பிறகு இவர் அதை அறுத்து, மூன்று டின்னையும் தூக்கித் தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது. நான் விளக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மன்னிப்பு ஞாயிறு தாண்டிவிட்டது. தபாலில் கேட்டாலும் செல்லுமா என்று பாதிரியாரிடம் கேட்டுச் சொல்.

எர்கினி


பெர்வோலா
25 நவம்பர் 1990

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. எண்ணெய் ஆட்டுவதைப் பார்க்க வந்து நீ இருந்த அந்தப் பத்து நாளும் உன் அத்தானுக்கு இடுப்பு வலியே வரவில்லை, நேற்றிலிருந்து மறுபடி வந்துவிட்டது. மாப்பிள்ளை ரொட்டியில் எண்ணெய் தோய்த்துச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டதைக் கனாகிஸ் இன்னும் ஆலையில் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் கிளம்பியபின் மீதி வரிசைகளும் ஆட்டியாயிற்று. முன்கூட்டித் தண்ணீர் நிறுத்திய வரிசையில் சாக்கு குறைவு, எண்ணெய் மரத்துக்கு மரம் மற்றதற்குச் சமம். சுமை கூலி மிச்சம், மோட்டார் ஓட்டம் மிச்சம். வருகிற வருஷம் எல்லாவற்றுக்கும் அப்படியே. ஊரில் இன்னும் இரண்டு வீட்டில் குழாய் கேட்கிறார்கள். கோவில் மரத்துக்கும் ஒரு குழாய் ஏற்றலாமா என்று பாதிரியாரே கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அது அப்படியே இருக்கட்டும் என்று மாதாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நீ தபாலில் கேட்டதற்குப் பாதிரியாரிடம் போகவில்லை. அதற்குப் பதில் சொல்ல நானே போதும். ஆண்டவர் மன்னிப்பார்.

நாலு டின் இன்றைக்கு லாரியில் ஏறியிருக்கிறது. அந்த டிரைவர் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனாலும் முடிச்சுப் போடவில்லை.

உன் அக்கா,
கரிஃபலியா